சொட்டும் இடமும் கசியும் இடமும்



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய மோட்டார் வண்டியின் எண்ணெய்க் கசிவு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு இது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன் நான். அழுத்தம் என்றால் என்ன என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டியிருக்கின்றேன். அந்த அழுத்தமே என் வீட்டுக் கொட்டகையில் பல மாதங்கள் நின்றுகொண்டு என்னை ஏய்த்துவிட்டது. அதனால் ஓர் இளைஞனுக்கு நான் இழைத்த தீங்கும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட எண்ணியிருக்கின்றேன்.

என் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கடலோரச் சிற்றூர். கிழக்கே மீனவர் குடியிருப்பு. மேற்கே செம்மண் மேடு. என் வீடு மணற்பாங்கான இடத்தில் இருக்கிறது. வண்டி நிற்கும் கொட்டகைக்கும் மணல்தான் தரை. இந்த மணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையாயிருந்தால் முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்கவேண்டிய எண்ணெயை, அது ஓசையின்றிக் குடித்துவிட்டது.

வண்டி அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி, 1950-களின் பிற்பகுதியிலிருந்து கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவாகி வந்தது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. அமைச்சர் முதல் வாடகை வண்டிக்காரர் வரை எல்லாரும் ஏறிய வண்டி. என்னுடையது 1980-களின் தொடக்கத்தில் பதிவானது, நான்கு சிலிண்டர், 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். நான் இரண்டாம் கையாக வாங்கினேன். திண்டிவனத்தில் என் மகள் குடும்பம் இருக்கிறது. போக வர எழுபது, எண்பது கிலோமீட்டர் ஆகும். அந்தப் பயணத்துக்கே வண்டியை வைத்திருந்தேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. என் வண்டி ஆறு மாதத்துக்குமேல் கொட்டகையை விட்டு நகரவில்லை. அந்த நாட்களில் பொழுது போகாமல் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தேன். எஞ்சினின் மேலுள்ள வால்வு மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்து இற்றுப்போயிருந்தது. கடைகள் திறக்கவில்லை. தூசி உள்ளே போய்விடுமே என்று அஞ்சி, இற்ற குழாயை எடுத்துவிட்டு, ஒரு மரத்துண்டைச் சீவி அந்த வாயில் ஆப்பாக இறுக்கி அடித்தேன். வடிகட்டிப் பக்கத்துத் துளையையும் ஒட்டுநாடாவால் மூடினேன். நல்ல வேலை செய்தோம் என்ற நிறைவோடு கைகழுவினேன். பிறகு அதை அடியோடு மறந்தும்போனேன்.

மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கிற்று. முதல் பயணம் முடிந்து வந்து அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தபோது எண்ணெய் மேற்கோட்டிலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. மீண்டும் மேற்கோடு வரை நிரப்ப ஏறக்குறைய அரை லிட்டர் பிடித்தது. அந்த எஞ்சினுக்கு மொத்தம் பிடிப்பதே நான்கு லிட்டர் அளவுதான். மருந்துக்கடைக் கணக்குப்படி ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், அரை லிட்டர் என்பது 10,000 சொட்டு. ஒன்றரை மணி நேர ஓட்டம் 5,400 வினாடி. ஆக, வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு சொட்டு! புகைபோக்கியில் நீலப்புகை இல்லை. எனவே எண்ணெய் உள்ளே எரிந்து தீரவில்லை. வெளியேதான் போகிறது.

எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். அடித்தொட்டியில் கிடக்கும் எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, வடிகட்டி வழியாக அழுத்தத்தோடு மேலே அனுப்புகிறது. கிராங்க் தண்டு சுழலும் பேரிங்குகளுக்குள் அது மெல்லிய படலமாகப் புகுந்து, உலோகத்தை உலோகம் தொடாதபடி ஏந்திக்கொள்கிறது. பிறகு வால்வுகளின் தலைமாட்டுக்கு ஏறி, அங்கிருந்து தன் பாரத்தாலேயே வழிந்து தொட்டிக்குத் திரும்புகிறது. ஏறும் வழியில்தான் பம்பின் அழுத்தம் உண்டு. இறங்கும் வழியில் இல்லை. ஏறும் வழியில் ஒரு குழாய் விரிந்தால் எண்ணெய் பீறிட்டுப் பாயும். இறங்கும் வழியில் ஒரு மூடி தளர்ந்தால் மெல்லக் கசியும். என் வண்டியில் ஏறும் வழிக் குழாய்களும் வடிகட்டியும் உலர்ந்தே இருந்தன. அப்படியானால் வினாடிக்கு இரண்டு சொட்டு எவ்வாறு போகும்? இந்தக் கேள்வியை நான் அன்றே கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

நகரத்தில் ஒரு பட்டறைக்கு வண்டியை எடுத்துச் சென்றேன். அங்கே வேலை பார்த்த இளைஞனுக்கு இருபது வயதிருக்கும். அவன் வால்வு மூடிக்கு அடியில் உள்ள தக்கை கேஸ்கெட்டை மாற்றினான். கசிவு நிற்கவில்லை. அடுத்த முறை அடித்தொட்டியின் கேஸ்கெட்டை மாற்றினான். நிற்கவில்லை. மூன்றாம் முறை, எஞ்சினின் இடப்பக்கத்தில், புகை வெளியேறும் குழாய்த் தொகுதிக்குக் கீழே மறைந்திருக்கும் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றிப் புதுத் தக்கை போட்டான். ஒவ்வொரு மூடியையும் நடுவில் ஒரே ஒரு போல்ட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் இறுக்கு, தம்பி, இன்னும் ஒரு சுற்று" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனும் இறுக்கினான். மறுவாரம் கசிவு முன்னிலும் மிகுந்திருந்தது.

எண்ணெய் சொட்டுவது எஞ்சினின் பின்புறம், கிளட்ச் கூட்டின் அடியில். கிராங்க் தண்டின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் வளையம் கிடையாது. தண்டிலேயே திருகுபோல் ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது, வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை அந்தச் சுருள் உள்நோக்கித் தள்ளிவிடும். ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் நீரேற்றும் திருகை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்; ஏறத்தாழ அதே உபாயம்தான். அந்தச் சுருள் தேய்ந்துவிட்டது, எஞ்சினையே கீழே இறக்கவேண்டும் என்று பட்டறை உரிமையாளர் கூறினார். அவர் சொன்ன தொகை என் இரண்டு மாத ஓய்வூதியத்துக்குக் குறையாது. எனக்குக் கோபம் வந்தது. "உங்கள் பையன் ஒரு மூடியைச் சரியாக இறுக்கத் தெரியாதவன், அவன் செய்த வேலைக்கு நான் எஞ்சினை இறக்குவதா?" என்று பத்துப்பேர் நடுவில் கடிந்து பேசிவிட்டேன். அவன் தலை குனிந்து நின்றான். மூன்று முறை மாற்றிய சாமான்களின் விலையை அவன் கூலியில் பிடித்துக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இதற்கிடையே, மார்கழி மாதத்து இரவொன்றில் திண்டிவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. என் மகளுக்குப் பேறுவலி கண்டுவிட்டது. நானும் என் மனைவியும் உடனே புறப்பட்டோம். கிளியனூரைத் தாண்டியதும் முகப்பில் எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரிந்த பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடக்கூடும். வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தேன். புகைக்குழாயின்மேல் எண்ணெய் வழிந்து புகைந்துகொண்டிருந்தது. சற்றுப் பெருகியிருந்தால் தீப்பற்றியிருக்கும். என் மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்பெட்டியில் வைத்திருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். பேரன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தான். தாயும் சேயும் நலம். ஆனால் திரும்பி வரும்போது, பழைய இரும்புக்கு வண்டியைப் போட்டுவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன்.

எங்கள் ஊர் மீனவர் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதே அவருக்குத் தொழில். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வண்டியை விற்கப்போகிறேன் என்று தேநீர்க்கடையில் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கடல்ல ஆயில் போச்சுன்னா எறங்கி நடந்து வர முடியாது, சார். எங்க போவுதுன்னு பாத்தே ஆவணும். நாளைக்கு வந்து பாக்கறேன். அதுக்குள்ள எஞ்சினக் கழுவி வைங்க" என்றார்.

அவர் சொல்லும்வரை எஞ்சினைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பல மாத எண்ணெயும் தூசியும் படிந்த எஞ்சினில் புதுக்கசிவு எங்கிருந்து வருகிறது என்று யாரால் சொல்லமுடியும்? மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு ஒரு பகல் முழுவதும் தேய்த்து, சோப்புத் தூள் கரைத்த நீரால் கழுவி உலரவைத்தேன். மின்கம்பிகள் சேரும் இடங்களில் நீர் புகாமல் பொதிந்துகொண்டேன் என்பதையும் சொல்லவேண்டும். மறுநாள் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. வீட்டில் பழைய சுண்ணக்கட்டிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை அம்மியில் பொடித்து, எஞ்சினின் எல்லாப் பக்கத்திலும் தூவினேன். எஞ்சின் திருநீறு பூசிக்கொண்டதுபோல் ஆயிற்று. பெரியவர் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே" என்றார். இக்காலத்தில் பெரிய பட்டறைகளில் எண்ணெயோடு ஒரு சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கைக் காட்டி, அது ஒளிரும் இடத்தைக் கொண்டு கசிவைக் கண்டுபிடிக்கிறார்கள். சுண்ணப்பொடி அதற்கு ஏழை உறவு.

எஞ்சினை ஓடவிட்டோம். கால்மணி நேரத்தில் வெள்ளைப் பொடியின்மேல் கருங்கோடுகள் இறங்கத் தொடங்கின. "சொட்டற எடத்தப் பாக்காதீங்க. ஈரத்துக்கு மேல எங்க காய்ஞ்சிருக்குதுன்னு பாருங்க. அந்த எல்லையிலதான் வாய் இருக்கும்" என்றார் பெரியவர். எத்தனை சரியான சொல்! எண்ணெய் கீழ்நோக்கி வழிகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளுகிறது. போதாக்குறைக்கு எஞ்சினே சற்றுப் பின்சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. முன்னால் மேலே கசிந்தது பின்னால் கீழே வந்து சொட்டுகிறது. சொட்டிய இடத்தை வைத்துத் தீர்ப்புக் கூறியதுதான் பட்டறையில் நேர்ந்த பிழை.

அன்று நாங்கள் கண்ட ஈரத்தின் மேல் எல்லை ஒன்றன்று. வால்வு மூடியின் விளிம்பில் ஒன்று. பக்க மூடிகள் இரண்டிலும் இரண்டு. பின்முனைச் சுருளில் ஒன்று. அளவுக் கம்பி செருகியிருக்கும் வாயிலுங்கூட ஒன்று. இத்தனை இடத்தில் ஒரே காலத்தில் எப்படிக் கசியும்? ஒரு வகுப்பில் ஒரு பையன் தேறாவிட்டால் அவனை அழைத்துக் கேட்கலாம். வகுப்பு முழுவதும் தேறாவிட்டால் ஆசிரியரை அல்லவா அழைத்துக் கேட்கவேண்டும்? நான் இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தபோது பெரியவர் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார். புஸ் என்று காற்றோடு எண்ணெய்த் துளிகள் அவர் முகத்தில் தெறித்தன. துண்டால் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "சார், இந்த எஞ்சினு மூச்சு விடற கொழா எங்க?"

அங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது.

பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருந்தாலும், சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றைக் கடந்து கிராங்க் தண்டு இருக்கும் கீழறைக்குள் இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இது உண்டு. பழைய எஞ்சினில் மிகுதி. இந்த வாயு வெளியேற வழி வேண்டும். என் வண்டியில் அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, வால்வு மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் குழாய். மற்றொன்று, முன்பக்க மூடியிலிருந்து கீழ்நோக்கி இறங்கிச் சாலையைப் பார்த்துத் திறந்திருக்கும் இரும்புக் குழாய். ஓடும் வண்டியின் அடியில் விரையும் காற்றே அதன் வழியாக வாயுவை இழுத்துவிடும். பழங்கால வண்டிகளில் பரவலாக இருந்த ஏற்பாடு இது. இந்தப் புகை ஊர்க்காற்றைக் கெடுக்கிறதென்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1960-களின் தொடக்கத்திலேயே விதி செய்தது. அதன் பிறகு வந்த வண்டிகளில் அந்த வாயுவை ஒரு வால்வு வழியாக எஞ்சினுக்கே திருப்பி எரித்துவிடும் முறை நிலைபெற்றது.

இரண்டு வழிகளும் அடைபட்டால் என்ன ஆகும்? கீழறையில் அழுத்தம் ஏறும். கிடைத்த இடுக்கெல்லாம் அது எண்ணெயைத் தள்ளும். எத்தனை கேஸ்கெட்டு மாற்றினாலும் நிற்காது. பின்முனைச் சுருளும் அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க வல்லதன்று. ஒரு வழியை அடைத்தவன் நான். மரத்துண்டு ஆப்பு என் கண்முன்னே, சுண்ணப்பொடி பூசிக்கொண்டு நின்றது! மற்றொரு வழி?

பெரியவர் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, எண்ணெய் ஊற்றும் வாயில் கவிழ்த்து நூலால் கட்டினார். எஞ்சினை ஓட்டினேன். பை பூரிபோல் உப்பிற்று. ஆப்பைப் பிடுங்கினேன், பை துவண்டுவிட்டது. பிறகு ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்தார். கீழ்நோக்கிய குழாயின் வாயில் கம்பியை விட்டுக் குத்தினார். காய்ந்த செம்மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. அதனுள் சுருங்கிப்போன சிறு சிலந்திகள் இருந்தன. குளவிக்கூடு! வண்டி நின்ற ஆறு மாதத்தில், மூச்சுக்குழாயைத் தன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாக்கிக்கொண்டிருக்கிறது ஒரு குளவி. சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் அடைத்து, முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிடுவது அதன் வழக்கம்.

இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து எழுந்த ஒரு போயிங் 757 விமானம் சில நிமிடங்களில் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 189 பேரும் மாண்டனர். விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்களில் ஒன்று அடைபட்டுப் பொய்க் கணக்குக் காட்டியதே தொடக்கம். பறக்காமல் பல நாட்கள் நின்றிருந்த அந்த விமானத்தின் குழாயை, பெரும்பாலும் மண்கூடு கட்டும் குளவியே அடைத்திருக்கவேண்டும் என்று விசாரணை செய்தவர்கள் கருதினார்கள்.

மேல்வழிக்குப் புது ரப்பர்க் குழாய் வாங்கிப் பொருத்தினோம். பக்க மூடிகளைக் கழற்றியபோது இன்னொன்றும் புலப்பட்டது. அவை மெல்லிய தகட்டால் ஆனவை. நடுப் போல்ட்டை அளவுக்குமேல் இறுக்கியதால் நடுவில் குழிந்து, விளிம்புகள் தூக்கிக்கொண்டிருந்தன. பெரியவர் அவற்றைப் பலகைமேல் வைத்துத் தட்டிச் சமமாக்கி, புதுத் தக்கை இட்டு, கையால் திருகும் அளவுக்குமேல் சிறிதே இறுக்கினார். பின்பு திண்டிவனம் போய்வந்தோம். அளவுக் கம்பியில் என் கண்ணுக்குத் தெரிந்த இறக்கம் இல்லை. இரவு முழுதும் வண்டியின் அடியில் விரித்துவைத்த அட்டையில், சுருள் இருக்கும் இடத்துக்கு நேரே ஐந்தாறு புள்ளிகள் இருந்தன. அவ்வளவு வயதான எஞ்சினுக்கு அது பழுதாகாது. எஞ்சினை இறக்கவேண்டியதும் இல்லை. இரும்புக்குப் போடவேண்டியதும் இல்லை. பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். சுண்ணப்பொடி மட்டும் ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

குளவிமண்ணில் ஒரு கட்டியைச் சுண்ணக்கட்டிப் பெட்டியில் எடுத்துவைத்தேன். மறுநாள் அந்தப் பட்டறைக்குப் போனேன். இளைஞன் அங்கே இல்லை. கோட்டக்குப்பத்தில் இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். தேடிப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். பிடித்துக்கொண்ட கூலியை அவனிடம் கொடுத்தேன், வாங்கத் தயங்கினான். பிழை என்னுடையது என்று, பத்துப்பேர் நடுவில் திட்டியவன், அங்கே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேர் கேட்கச் சொன்னேன். ஆப்பு அடித்ததையும் சொன்னேன். சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டு அவன் சொன்னான்: "நீங்க இறுக்கு இறுக்குன்னு சொன்னப்பவே மூடி வளையும்னு தெரியும் சார். ஹெட்மாஸ்டர் கிட்ட எப்படிச் சொல்றது?"

பெட்டியைத் திறந்து மண்கட்டியைக் காட்டினேன். அவன் அதை உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தால் பிளந்து பார்த்தான். "சிலந்தி, சார்" என்றான், முதன்முறையாகச் சிரித்தான்.

இப்பொழுது என் வண்டியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் பொம்மையார்பாளையத்துக்கு வருகிறான். வந்ததும் முதல் வேலையாகக் கீழே படுத்து அந்தக் குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்க்கிறான். அவன் போல்ட்டுகளை இறுக்கும்போது நான் கொட்டகைக்குள் நிற்பதில்லை.